நாற்பத்தேழு நொடி ஜம்பு

டெல்லியில் ராக் வாசிக்கிற பையன்கள் எனக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். சஃபாய்வாலா, அதாவது துப்புரவுக்காரன். முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள், நான் டீ குடிக்க வெளியே போனதும் சொல்லிச் சிரிப்பார்கள். ஆனால் ஒரு ஆல்பம் பதிவு செய்ய வேண்டும் என்றால் அந்த சஃபாய்வாலாவைத் தேடித்தான் நொய்டாவிலிருந்தும் சண்டிகரிலிருந்தும் வந்து நிற்பார்கள். கிடார் கம்பியில் விரல் உரசும் சத்தம், பாடுகிறவன் எச்சில் விழுங்கும் சத்தம், ஸ்டூல் கிறீச்சிடும் சத்தம், எதுவும் என் கையைத் தாண்டிப் போகாது. பன்னிரண்டு வருஷத்தில் முப்பத்தொரு ஆல்பங்களின் பின்னட்டையில் 'தயாரிப்பு: ஸ்ரீதர்' என்று இருக்கிறது. முப்பத்தொன்றையும் சேர்த்து ஆயிரம் பேர் கேட்டிருந்தால் அதிகம் என்பது வேறு விஷயம்.

அதில் முதல் ஆல்பம் எங்கள் சொந்த பாண்டுடையது. பெயர் 'வெயிட்டிங் லிஸ்ட்'. மத்திய சர்க்கார் குமாஸ்தாக்களுக்குப் பிறந்து, ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் வளர்ந்து, ஒவ்வொரு மே மாதமும் மெட்ராஸ் போகிற ரயிலில் இடம் கிடைக்குமா கிடைக்காதா என்று அப்பாக்கள் புலம்பக் கேட்ட பிள்ளைகள் வேறு என்ன பெயர் வைப்பார்கள்? அக்ஷய் பாடுவான். நான் கிடார். ஜம்பு டிரம்ஸ். பாஸ் கிடார் வாசிக்க யாராவது வருவார்கள், இரண்டு மாதத்தில் வேலை கிடைத்துப் போய்விடுவார்கள்.

ஜம்பு என்றால் ஜம்புநாதன். பூர்வீகம் திருவானைக்காவல், பிறந்தது வளர்ந்தது எல்லாம் ஆர்.கே.புரம் செக்டர் நாலு. சாப்பாட்டு மேஜை, பஸ் கம்பி, என் முதுகு, எது கிடைத்தாலும் தட்டுவான். கோபம் என்பதே வராது அவனுக்கு. இரண்டு பேருக்கும் சேர்த்து நான் பட்டுக்கொண்டேன்.

1994இல் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு பக்கத்திலேயே முனிர்காவில் அறை எடுத்தேன். எனக்குத் துணையாக இருக்கட்டும் என்று ஜம்புவும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். அவனுக்கு வீட்டில் சண்டையே இல்லை, நான் தனியாக இருப்பேனே என்றுதான் வந்தான். மூன்றாவது மாடி. கீழே வீட்டுக்காரரின் மாவு மில். மதியம் இரண்டு மணிக்கு மில்லை மூடிவிட்டு அவர் தூங்கப் போனால் ஐந்து மணி வரை எங்கள் ராஜ்ஜியம். சுவர் முழுக்கப் பழைய மெத்தைகளைக் கட்டி அறையை ஸ்டூடியோ ஆக்கினோம். பக்கத்தில் இருந்த சமையலறையில், கேஸ் அடுப்புக்குப் பக்கத்தில், பதிவு செய்கிற இயந்திரத்தை வைத்துக்கொண்டு நான் உட்காருவேன். வீடியோ கேசட் மாதிரி ஒரு கேசட் அதில் ஓடும். எட்டு மைக்குகளின் சத்தத்தைத் தனித்தனியாகப் பிடித்து வைக்கும். அந்த இயந்திரத்துக்காக நாங்கள் இரண்டு வருஷம் கல்யாண வீடுகளில் பாங்ரா வாசித்தோம்.

எங்கள் பாட்டுகள் எப்படி உண்டாகும் என்பதை இப்போதாவது சொல்லிவிட வேண்டும். காலையில் பல் தேய்த்துக்கொண்டே ஜம்பு எதையாவது முணுமுணுப்பான். தமிழில். அர்த்தம் இருந்தாலும் இருக்கும், இல்லாவிட்டாலும் இல்லை. நான் கிடாரை எடுத்து அதன் பின்னாலேயே ஓடுவேன். சாயங்காலம் அக்ஷய் வந்து அதற்கு இங்கிலீஷ் வார்த்தை போடுவான். ஆல்பம் வந்தபோது 'பாடல்: அக்ஷய், இசை: ஸ்ரீதர், டிரம்ஸ்: ஜம்பு' என்று அச்சடித்தோம். அன்றைக்கு யாருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. எனக்கு வசதியாகவும் இருந்தது.

சிக்கல் பதிவு செய்யும்போதுதான் வந்தது. டிரம்ஸுக்கு மேலே இரண்டு மைக் தொங்கவிட வேண்டும், பித்தளைத் தட்டுகளின் சத்தத்தைப் பிடிப்பதற்கு. ஜம்பு வாசிக்கும்போது வாய் சும்மா இருக்காது. கண்ணை மூடிக்கொண்டு, தான் முதலில் முணுமுணுத்த அதே தமிழ் வரிகளைப் பாடிக்கொண்டே வாசிப்பான். அது மேலே தொங்குகிற மைக்கில் போய் விழும். எங்கள் தொழிலில் இதற்கு லீக் என்று பெயர். பிறகு அக்ஷயின் குரலை மேலே பதிந்தால், அவன் இங்கிலீஷில் உருகும்போது பின்னால் ஒருத்தன் கிணற்றுக்குள்ளிருந்து தமிழில் பாடுவது கேட்கும்.

"ஜம்பு, பாடறேடா."

"பாடினேனா?"

"முழுப் பாட்டும் பாடினே. மறுபடி எடுக்கணும்."

"ஸாரிடா. தெரியாம வந்துடறது."

மறுபடி எடுப்போம். மறுபடி பாடுவான். கடைசியில் ஒரு கைக்குட்டையைச் சுருட்டிப் பல்லில் கடித்துக்கொண்டு வாசிக்கச் சொன்னேன். கடித்துக்கொண்டு வாசித்தான். எச்சில் ஒழுகும், துடைத்துக்கொள்வான். அக்ஷய் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தான். ஆல்பத்தில் வந்த ஒன்பது பாட்டிலும் ஜம்பு வாயில் துணியோடுதான் வாசித்திருக்கிறான். டெல்லியில் இவ்வளவு துப்புரவான டிரம்ஸ் பதிவை யாரும் கேட்டதில்லை என்று ஒரு இங்கிலீஷ் பத்திரிகையில் எழுதினார்கள். அந்த நாலு வரியை வைத்துத்தான் எனக்கு அடுத்த வேலை வந்தது. அதற்கடுத்த இருபத்தொன்பதும் அப்படித்தான்.

ஜம்பு பாடிக் கெடுத்த பதிவுகள் என்னவாகின என்று கேட்டால், அழித்தேன். புதுக் கேசட் வாங்கக் கையில் காசு ஏது? கெட்டதன் மேலேயே அடுத்ததைப் பதிய வேண்டியதுதான்.

1997இல் அக்ஷய் மேல்படிப்புக்கு அமெரிக்கா போனான். ஜம்பு பரீட்சை எழுதி சர்க்கார் வேலைக்குப் போனான். டிரம்ஸை விற்றுவிட்டான். நாமக்கல் பக்கத்துப் பெண் அம்சவேணியைக் கல்யாணம் செய்துகொண்டு, பிற்பாடு டெல்லியிலேயே துவாரகாவில் ஒரு சொசைட்டி ஃப்ளாட்டுக்கு மாறினான். நான் மற்றவர்களின் பாண்டுகளோடு ஊர் சுற்றினேன். அவர்கள் பாட்டை வாங்கி உடைத்து, தட்டி, என் கிடாரைச் சேர்த்து, திருப்பிக் கொடுப்பேன். ஒவ்வொரு முறையும் ஜம்பு மாதிரி ஒரு டிரம்மர் கிடைப்பானா என்று பார்ப்பேன். கிடைக்கவில்லை என்று அவனிடம் போன் செய்து சொல்லியிருக்கலாம். துவாரகா என்ன, சந்திரனிலா இருக்கிறது? நான் போகவில்லை.

2006 அக்டோபரில் ஜம்புவுக்கு டெங்கு. ஆறே நாள். குர்கானில் யாரோ பணக்காரப் பையன்களின் பாட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். செய்தி வந்து நான் நிகம்போத் காட் மயானத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவனுடைய எட்டு வயதுப் பெண் கவிப்ரியா வீட்டில் இருந்தாள் என்று சொன்னார்கள். நான் அவளைப் பார்க்காமலே திரும்பிவிட்டேன். என்ன சொல்லிப் பார்ப்பது?

காரியமெல்லாம் முடிந்து பத்து நாள் கழித்து அம்சவேணி போன் செய்தாள். ஒரு தடவை வீட்டுக்கு வர முடியுமா என்று கேட்டாள். போனேன். ஜம்புவின் செருப்பு இன்னும் வாசலில் இருந்தது. அவள் காபி கொண்டு வந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அண்ணா, அக்ஷய் அண்ணா அமெரிக்காவுல இருந்து பேசுனாருங்க. அவரு நல்லா பாடுவாருன்னு சொல்றாரு. நெசமாங்களா?"

"யாரு, ஜம்புவா?"

"ஆமாங்க. நீங்க போட்ட பாட்டெல்லாம் அவரு பாடிப் பாடித்தான் வந்துச்சாம். எனக்கு ஒண்ணுமே புரியலைங்க. ஒம்பது வருசம் கூட இருந்தனுங்க. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, குளிக்கறப்போகூட பாடிக் கேட்டதில்ல. பாடுங்கன்னா, எனக்கு வராதும்பாரு. பாப்பாவுக்கு நான்தான் தாலாட்டு பாடுவேன். அவரு பக்கத்துல உக்காந்து தொடையில தாளம் போடுவாரு. அவ்வளவுதானுங்க."

காபியைக் கீழே வைத்தேன். பல் தேய்க்கும்போது பாடுகிறவன், பஸ்ஸில் தொங்கிக்கொண்டு பாடுகிறவன், ஒன்பது வருஷம் வாயைத் திறக்கவில்லையாம். வேலை, குடும்பம், வயது, யாருக்குத்தான் பாட்டு நிற்கவில்லை என்று உடனே எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தச் சமாதானம் லிஃப்டில் கீழே வருவதற்குள் தீர்ந்துவிட்டது.

"உங்ககிட்ட பழைய டேப்பெல்லாம் இருக்குமாமே. அவரு பாடுனது எதாச்சும் இருந்தா குடுங்கண்ணா. பாப்பாவுக்கு வேணும். அவளுக்கு அப்பா குரலே மறந்துருமோன்னு பயமா இருக்குங்க. எங்ககிட்ட இருக்கறது செல்போன்ல ஒரு ஹலோ மட்டும்தான்."

கவிப்ரியா உள்ளறைக் கதவருகில் நின்றுகொண்டிருந்தாள். ஜம்புவின் மூக்கு அப்படியே. "அங்கிள், பாப்பா சச்சி பாடுவாங்களா?" என்று கேட்டாள். அப்பாவை அவள் இந்தியில் பாப்பா என்று கூப்பிடுவாள், நிஜமா என்பதற்கு சச்சி.

"பாடுவான் கண்ணு. நான் கொண்டு வரேன்" என்றேன்.

வாக்குக் கொடுத்துவிட்டேன். எதை நம்பிக் கொடுத்தேன்? அழித்தவன் நான்தானே.

பழைய கேசட்டுகள் பத்தொன்பது மிச்சம் இருந்தன. அந்த இயந்திரம் எப்போதோ செத்துவிட்டது. லஜ்பத் நகரில் ஒரு சர்தார்ஜியிடம் ஓடுகிற நிலையில் ஒன்று இருந்தது, கெஞ்சி வாங்கி வந்தேன். மூன்று வாரம் எல்லா வேலையையும் தள்ளிவிட்டு உட்கார்ந்தேன். தட்டு மைக் இரண்டையும் மட்டும் திறந்து வைத்து, மற்றதையெல்லாம் மூடிவிட்டு, ஆரம்பத்திலிருந்து கேட்டேன். பாட்டுக்குப் பாட்டு டிரம்ஸ், டிரம்ஸ், டிரம்ஸ். அதற்குள் அவன் குரல் ஒரு இழை இருக்கிறதா என்று தேடினேன். வாழ்நாளெல்லாம் லீக்கைத் தேடிப் பிடித்துக் கொன்றவன், இப்போது ஒரு லீக்காவது தப்பித்திருக்காதா என்று அலைந்தேன். இல்லை. நான் அவ்வளவு நன்றாக வேலை செய்திருந்தேன். சில இடத்தில் அவன் மூக்கால் மூச்சு விடுவது மட்டும் கேட்டது, வாயில் துணி இருந்ததால்.

பதினேழாவது கேசட்டில் கிடைத்தது.

ஒரு நீளமான பாட்டைப் பதியும்போது ஜம்பு பாடிக் கெடுத்திருக்கிறான். அதன் மேலே நான் வேறொரு சின்னப் பாட்டைப் பதிந்திருக்கிறேன். சின்னது மூன்றாவது நிமிஷத்தில் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு, அழியாமல், பழையதின் வால் மிச்சமிருந்தது. நான் அணைக்கப் போன நேரத்தில் டிரம்ஸ் திடீரென்று வேறு தாளத்தில் நடுவிலிருந்து தொடங்கியது. கூடவே ஜம்பு.

தெளிவாக இல்லை. தட்டுச் சத்தம் அலை மாதிரி மேலே வந்து வந்து மூடியது. ஆனால் அவன்தான். கொஞ்சம் கரகரப்பு, கொஞ்சம் மூக்கு, சுருதி இம்மியும் பிசகவில்லை.

'முனிர்காவுல பனி, ரஜாய் ஒண்ணுதான் நமக்கு
காலு ரெண்டும் எனக்கு, தலைப்பக்கம் உனக்கு
நீ இழுத்தா நான் விடறேன், நான் இழுத்தா நீ கத்தறே
காலையில பாத்தா ரஜாய் உன்கிட்டே.'

இந்தப் பாட்டைத்தான் அக்ஷய் ஒரு பெண் ஏமாற்றிவிட்டுப் போனதாக இங்கிலீஷில் பாடினான். கேட்டவர்களெல்லாம் அதற்கு அழுதார்கள். பதிவின்போது நான் இந்த வரிகளை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். லீக் என்றுதான் கேட்டேன், வார்த்தை என்று ஒரு தடவையும் கேட்கவில்லை. அது என்னைப் பற்றிய பாட்டு. முனிர்காவின் குளிர்காலங்களில் எங்கள் ஒரே பஞ்சுப் போர்வையை, அந்த ரஜாயை, இழுத்துப் போர்த்திக்கொண்டவன் நான். தலையில் ஹெட்போனோடு குலுங்கிக் குலுங்கி அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அப்பா செத்தபோதுகூட நான் அப்படி அழவில்லை.

நாற்பத்தேழாவது நொடியில் பாட்டு நின்றது. அதற்குப் பிறகு என் குரல் வந்தது.

அதைக் கேட்டேன். மறுபடி கேட்டேன். பிறகு எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். கம்ப்யூட்டரில் ஏற்றினேன், தட்டுச் சத்தத்தை முடிந்தவரை பின்னுக்குத் தள்ளினேன், ஜம்புவை முன்னுக்குக் கொண்டு வந்தேன். என் குரல் தொடங்குவதற்கு ஒரு மயிரிழை முன்னால் வெட்டினேன். நாற்பத்தேழு நொடியை ஒரு சி.டி.யில் போட்டேன். சின்னப் பெண்ணுக்கு எதற்கு என் கத்தல், அப்பாவின் பாட்டு மட்டும் இருக்கட்டும் என்று சொல்லிக்கொண்டேன். பொய். என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் வெட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை துவாரகா போனேன். கம்ப்யூட்டரும் பையில் இருந்தது, அங்கே சி.டி. ஓடாவிட்டால் என்ன செய்வது என்று எடுத்துப் போயிருந்தேன். அம்சவேணி ஜன்னல்களைச் சாத்தினாள், கீழே காய்கறிக்காரர் கூவுகிற சத்தம் வேண்டாம் என்று. கவிப்ரியாவை மடியில் உட்கார்த்திக்கொண்டாள். போட்டேன்.

முதல் வரியிலேயே அம்சவேணி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். கவிப்ரியா ஸ்பீக்கரையே பார்த்தாள். 'நான் இழுத்தா நீ கத்தறே' என்ற இடத்தில் சிரித்துவிட்டாள். "மம்மி, பாப்பா! பாப்பாதான்!" என்றாள். முடிந்ததும் மறுபடி போடச் சொன்னாள். மறுபடி போட்டேன். நாலாவது தடவை அவளும் கூடச் சேர்ந்து பாடினாள். தமிழ் எழுத்துக்கூட அவளுக்குத் தெரியாது, ஆனால் ஒரு வார்த்தை தப்பவில்லை.

எழுந்து வந்துவிடலாம் என்று நினைத்தேன். இவ்வளவு செய்தாயிற்று, போதும் என்று இருந்தது.

"அண்ணா" என்றாள் அம்சவேணி. "கடைசியில மூச்சு இழுக்கறாருங்களே."

"எங்கே?"

"முடியற எடத்துல. நல்லா இழுக்கறாரு. அடுத்த வரி பாடறதுக்குத்தானுங்களே மூச்சு இழுப்பாங்க? அந்த வரி எங்கீங்கண்ணா?"

வெட்டியது அந்த மூச்சுக்குப் பின்னால். எச்சில் விழுங்குகிற சத்தத்தைக்கூட விடாத சஃபாய்வாலாவுக்கு அந்த மூச்சு காதில் விழவில்லை.

"டேப் அதோட முடிஞ்சு போச்சும்மா" என்றேன்.

அவள் என்னைச் சந்தேகப்படவில்லை. "அச்சா" என்று தலையாட்டிவிட்டு, அந்த மூச்சு வரைக்கும் இன்னொரு தடவை போடச் சொன்னாள். போட்டேன். ஜம்பு மூச்சை இழுத்தான், நின்றான். அம்சவேணி அந்த இடத்தில் தானும் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு காத்திருந்ததைப் பார்த்தேன். இனிமேல் ஒவ்வொரு தடவையும் இவள் இப்படிக் காத்திருப்பாள் என்று தெரிந்தது. என்னால் முடியவில்லை.

"அடுத்த வரி இல்லம்மா. அங்க நான் இருக்கேன்" என்றேன். "நான் பேசினதை வெட்டிட்டேன். அவன் பேசினதும் அதோட போயிடுச்சு."

"அவரு பேசுனாருங்களா? இருக்குங்களா அது?"

"இருக்கு. கேட்டா உனக்குக் கஷ்டமா இருக்கும்."

"அவரு பேசுனது எதுக்குங்கண்ணா எனக்குக் கஷ்டம்? போடுங்க."

பையிலிருந்து கம்ப்யூட்டரை எடுத்தேன். முழுசாகப் போட்டேன்.

பனி, ரஜாய், காலு ரெண்டும் எனக்கு. மூச்சு. உடனே சமையலறைப் பக்கத்திலிருந்து நான், இருபத்தாறு வயது, தொண்டை கிழிய:

"ஜம்பு! வாயை மூடித் தொலைடா! எத்தனை தடவை சொல்றது? பாடறதுக்கு அக்ஷய் இருக்கான். உன் குரலை எவன்டா கேட்கப்போறான்?"

டிரம்ஸ் நின்றது. ஒரு தட்டு மட்டும் அதிர்ந்துகொண்டே இருந்தது, ஜம்பு அதைக் கையால் பிடித்து நிறுத்துவது கேட்டது. பிறகு அவன் சிரிப்பு. பிறகு, மைக்குக்கு வெகு அருகில், அவன் பேச்சு.

"அச்சா பாபா, அச்சா. இனிமே பாட மாட்டேன். பிராமிஸ். போதுமா?"

அவ்வளவுதான். திரையில் கோடு நேராகப் போய் நின்றுவிட்டது.

"யாரு மம்மி அது, பாப்பாவைத் திட்டறது?" என்று கேட்டாள் கவிப்ரியா.

"நான்தான் கண்ணு" என்றேன்.

அவள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அம்சவேணி என்னைத் திட்டுவாள் என்று நான் காத்திருந்தேன், திட்டினால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். வெகுநேரம் தடவினாள்.

"அவரு எப்பவும் அப்படித்தானுங்கண்ணா" என்றாள். "ஒரு வார்த்தை குடுத்துட்டாருன்னா மீறவே மாட்டாரு."